சிவப்பை விடாதை

விடியக்காலை மூன்று ஐம்பது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் பட்டணம் இன்னும் படுக்கையில். பட்டணத்துக்கு வெளியே, பியோர்ட் என்கிற கடல்வாய்க் கரையோடு போகும் ஒரு காட்டு ரோட்டு... இரண்டு பக்கமும் பீச் மரங்கள். விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை. ஐப்பசிக் கடைசி. காய்ந்த இலை சைக்கிள் சில்லில் அகப்பட்டு சர்... சர்... என்று அரைபடுகிறது.

அந்த நேரம், அந்த ரோட்டில், கோணேசனின் ஜக்கெற் பைக்குள் போன் அடித்தது.

"ஐயோ, எனக்கு இப்பவே மயிர் கூச்செறியுது," என்றாள் விமலாதேவி.

"பொறும் பிள்ளை. மனுசன் இன்னும் போனே எடுக்கேல்லை," என்றேன்.

சிவராத்திரி, மூன்றாம் சாமம். கோல்டிங்கில் வாடகைக்கு எடுத்த மண்டபம். சின்னப் பிள்ளைகள் ஜக்கெற் குவியலுக்குள் சுருண்டு நித்திரை. பெரியவர்கள் கண் மூடாமல் இருக்க ஒரு கதை வேண்டும். கட்டுக்கதை இல்லை இது. யோகம்மாவின் தமக்கை மகனுக்கு நடந்தது. யோகம்மா தன் வாயால் எனக்குச் சொன்னது.

கோணேசனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திருகோணமலை ஆள். தொண்ணூறாம் ஆண்டு வந்தவர். கலியாணம் இல்லை. லாகர் என்று இங்கே சொல்கிற பெரிய சாமான் களஞ்சியம் ஒன்றில், விடிய ஐந்து மணிக்கு வேலை. காட்டு ஓரத்தில் சின்ன வாடகை வீடு. பின்கதவைத் திறந்தால் புல்வெளி, அதற்கப்பால் பியோர்ட். ஆளுக்கு ஒரே ஒரு பைத்தியந்தான். மலை ஏறுவது.

"டென்மார்க்கிலை ஏது மலை?" என்றாள் சாரங்கி.

"அதைத்தானே சொல்ல வாறன். இந்த நாட்டின்ரை உச்சியிலை ஏறி நிண்டாலும் முழங்கால் நோகாது."

லாகரில் கூட வேலை செய்த லெஷெக் என்ற போலந்துக்காரன்தான் கோடைக்குக் கோடை தன் ஊர்ப் பக்கம் கூட்டிப் போனவன். பியெஷ்சாடி என்று ஒரு மலைத்தொடர். அடி முதல் தோள்வரை காடு. அங்கே பாதைக்குப் பாதை ஒரு நிறம். மரத்தில் வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு, மறுபடி வெள்ளை என்றால் அது சிவப்புப் பாதை. முகட்டோடு போகிற நீண்ட பாதை. நீலம் வேறு, பச்சை வேறு. கிளைக்குக் கிளை பலகை. பலகையில் இத்தனை மணித்தியால நடை என்று கணக்கு. பாதை முடிகிற இடத்தில் கோடு இராது. வெள்ளை வட்டத்துக்குள் ஒரு பொட்டு. அதைக் கண்டால் பையை இறக்கலாம்.

மாரி முழுக்கக் கோணேசனின் குசினி மேசையில் அந்த மலையின் வரைபடம் விரிந்து கிடக்கும். எந்த முகட்டால் ஏறுவது, எந்த ஆற்றை விலத்துவது, இருட்ட முதல் எங்கே போய்ப் படுப்பது... எல்லாம் அவர்தான் தெரிவுசெய்வார். பிறந்த ஊர்க்காரன் லெஷெக் ஒருநாளும் வழி சொன்னதில்லை.

"நீயே சொல்லு கோணே. வழி பிழைச்சால் உன்னை ஏசலாம். நான் சொன்னால் என்னையல்லோ ஏசவேணும்," என்று சிரிப்பான்.

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் அந்தப் படத்துக்கு மேலே இன்னொரு படம் ஏறியது. வன்னி. கொம்பியூட்டரில் எடுத்து ஒட்டிய நாலு தாள். அதற்குள் எங்கேயோ, யுத்தத்துக்கு நடுவில், தம்பி ஜெயரூபன் அகப்பட்டிருந்தான். கோணேசனுக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே? கடலேரியைக் கடந்து வெளியே வருகிற வழிக்குச் சிவப்புப் பென்சில். கடற்கரையோடு வருகிற வழிக்கு நீலம். செய்தி கேட்கிறதும் அழிக்கிறதும் மறுபடி கீறுகிறதுமாக இரவுகள் போயின.

வைகாசி பதினாலு. யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் ஒரு நிமிடம் கிடைத்தது.

"அண்ணை, ரெண்டு வழிதான் இருக்கு. நீங்கதானே மப் விரிச்சுப் பாக்கிறனீங்க. கெதியாச் சொல்லுங்கோ!"

"சிவப்பு, ரூபன்! சிவப்பாலை வா. சிவப்பை விடாதை!"

"சிவப்போ? அண்ணை, இஞ்சை சிவப்பெண்டு..."

அறுந்துபோனது.

போனை வைத்து அரை நிமிடத்துக்குப் பிறகுதான் கோணேசனுக்கு உறைத்தது. சிவப்பு அவருடைய குசினி மேசையில் மட்டுந்தான் இருந்தது. தண்ணீருக்கும் தறப்பாள் கூடாரத்துக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு ஏது சிவப்பு, ஏது நீலம்?

நாலாம் நாள் யுத்தம் முடிந்தது என்றார்கள். முகாம் முகாமாக ஆள் வைத்துத் தேடினார். பட்டியல் பட்டியலாகப் பார்த்தார். ஒன்றிலும் ஜெயரூபன் இல்லை. அந்தக் கோடை மலைக்குப் போகவில்லை. யோகம்மா சோறு கட்டிக்கொண்டு போனால், "வையுங்கோ சின்னம்மா, பிறகு தின்னுறன்," என்பார். அடுத்த கிழமை போனால் அந்தச் சோறு வைத்த இடத்திலேயே இருக்கும்.

இனி அந்த ரோட்டுக்கு வாருங்கள். மூன்று ஐம்பது. ஜக்கெற்றுக்குள் போன். எடுத்துப் பார்த்தால் நம்பர் விழவில்லை. காதில் வைத்தார்.

முதலில் காற்று. பிறகு... சளக்... சளக்... நனைந்த ரப்பர் செருப்பு நடக்கிற சத்தம்.

"அண்ணை... சிவப்பைக் கண்டுபிடிச்சிட்டன்."

கோணேசன் சைக்கிளை விட்டுவிட்டார். அது தன்பாட்டில் போய் ரோட்டோர வடிகானுக்குள் விழுந்தது.

"ரூபன்! எங்கையடா நிக்கிறாய்?"

"தெரியேல்லை. அண்டையிலை இருந்து நடக்கிறன். பெரிய காடு. மரத்திலை வெள்ளை, சிவப்பு, வெள்ளை எண்டு கீறியிருக்கு. இப்ப ரெண்டாப் பிரியுது, அண்ணை. எந்தப் பக்கம்?"

"அவர் பயப்படேல்லையோ?" என்று சாரங்கி மெல்லக் கேட்டாள்.

"இல்லையாம் பிள்ளை. ஆறு மாதத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் தனக்குப் பசிச்சதெண்டு யோகம்மாவுக்குச் சொன்னவராம்."

பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஒரு பக்கம் ஆறு, இரண்டு மணித்தியாலம். மற்றப் பக்கம் முகடு, நாலு.

"தண்ணிப் பக்கம் வேண்டாம், அண்ணை," என்றது குரல்.

"அப்ப முகட்டாலை போ. தூரந்தான். ஆனால் கால் நனையாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மூன்று ஐம்பதுக்கு அந்தப் போன் வரும். கோணேசன் மலைப்படத்தை விரித்து, கண்ணாடி போட்டு, பென்சில் தீட்டி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு காத்திருப்பார். சரிவு கூடிய பாதையை விலத்தினார். மரம் முறித்துப் போட்ட பாதையை விலத்தினார். பாலம் இல்லாத ஓடை ஒன்றுக்காக ஒருநாள் முழுக்கச் சுற்றி நடக்க விட்டார். பிறகு போன் நின்றுவிடும். வீடு முந்தியதைவிட வெறுமையாகும். இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணி ஆறிக் கிடக்கும்... ஓம், இரண்டு கோப்பைதான் ஊற்றுவாராம்.

பத்தாம் நாள் குரல் களைத்துக் கேட்டது.

"ஒரு ஊர் வருது, அண்ணை. பிளம் மரங்கள். வாசல் வாசலா ஆக்கள் நிக்கினம். ஒருத்தரும் கதைக்கினமில்லை. இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினம். இருக்கட்டோ?"

"பொறு. நாளைக்குச் சொல்லுறன்."

அன்று வேலை இடைவேளையில் லெஷெக்கிடம் படத்தைக் காட்டி விரலை வைத்தார். லெஷெக் சாப்பாட்டைக் கீழே வைத்தான்.

"அங்கை ஊர் இல்லை. இருந்தது. ரெண்டாவது உலக யுத்தம் முடிஞ்ச கையோடை சனத்தை ஏத்தி அனுப்பிப்போட்டாங்கள். பிளம் மரம் மட்டும் இப்பவும் காய்க்குது. வாசலிலை ஆக்கள் நிக்கினம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

கோணேசன் எல்லாவற்றையும் சொன்னார். லெஷெக் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான்.

"களைச்சவனை இருக்கச் சொல்லித்தானே கேக்கினம். இருக்க விடு, கோணே. கூப்பிடாதை."

"நீ ஒருநாளும் வழி சொல்லாதவன். உனக்குத் தெரியாது. ஒருக்கால் பிழையாச் சொன்னனான். இந்த முறையும் நடுவழியிலை விடவோ?"

அடுத்த விடியல், போன் அடிக்க முதலே கையில் எடுத்து வைத்திருந்தார்.

"இருக்காதை, ரூபன். வீட்டை வா."

"சிவப்பு இஞ்சை முடியுது, அண்ணை. வட்டம் போட்டிருக்கு."

"சூரியன் விழுகிற பக்கம் பாத்து நட. மிச்சச் சிவப்பை நான் போடுறன்."

சனிக்கிழமை ஒரு ரின் வெள்ளைப் பெயின்றும் ஒரு ரின் சிவப்பும் வாங்கினார். ஹோர்சன்ஸ் ஸ்ரேசனடிக் கம்பத்தில் தொடங்கி, வேலி, மரம், பாலக்கட்டு என்று இரண்டு இரவு. கொம்யூன் என்கிற நகரசபை கண்டிருந்தால் ஆளைச் சும்மா விட்டிராது. காட்டு ரோட்டு பீச் மரங்களில், வருகிறவன் கண்ணில் படுகிற பக்கமாக, மார்பு உயரத்தில்... வெள்ளை, சிவப்பு, வெள்ளை. கடைசியாகத் தன் முன்கதவில் வெள்ளை வட்டம். அதற்குள் சிவப்புப் பொட்டு. பையை இறக்கலாம்.

ஞாயிறு இரவு யோகம்மாவுக்குப் போன் எடுத்தார். "சின்னம்மா, நாளைக்கு மீன் குழம்பு வையுங்கோ. ரெண்டு பேருக்கு." குரலில் அப்படி ஒரு சந்தோசமாம்.

திங்கள் அவர் வேலைக்கு வரவில்லை. பின்னேரம் லெஷெக் தேடிப்போனான். காட்டு ரோட்டில் கோடு பார்த்துக்கொண்டே போனவன், முன்கதவில் வந்து நின்றுவிட்டான். பொட்டைக் காணவில்லை. வட்டத்துக்கு மேலே யாரோ பெயின்ற் இழுத்திருந்தார்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை. பாதை இங்கே முடியவில்லை என்ற மாதிரி...

கதவு திறந்து கிடந்தது. வீடு முழுக்கச் சேற்று மணம். உப்புச் சேறு. டென்மார்க் கடலுக்கு அந்த மணம் இல்லை என்று லெஷெக் பிறகு பொலிசுக்கும் சொன்னான். குசினிச் சுவரில் ஒரு கோடு. பின்கதவு நிலையில் ஒன்று. புல்வெளி வேலிக் கட்டைகளில், கட்டைக்குக் கட்டை. எல்லாம் போகிறவன் கண்ணில் படுகிற பக்கமாக. பிறகு கல்லில். தண்ணீருக்குள் தெரிந்த கடைசிக் கல்லிலும் கோடு. பெயின்ற் காயவில்லை.

மேசையில் வன்னிப் படம் மட்டும் விரிந்திருந்தது. சிவப்புப் பென்சில் கோடு, கடலேரிக்குள்ளால்.

சேற்றில் செருப்புத் தடம். ஒரு சோடி அல்ல, இரண்டு சோடி அல்ல. கரை முழுக்கச் செருப்புத் தடம்.

பொலிஸ் வள்ளம் விட்டுத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

 மண்டபத்தில் தேத்தண்ணி அண்டா கொதிக்கிற சத்தம்.

"முடிஞ்சுதோ?" என்றாள் விமலாதேவி.

"லெஷெக் தை மாதம் யோகம்மா வீட்டை வந்தவன்."

வந்தவன் ஜக்கெற்றும் கழற்றவில்லை. கைகளைப் பைக்குள்ளிருந்து எடுக்கவுமில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் விடிய, மூன்று ஐம்பதுக்குத் தன் போன் அடித்ததாம். நம்பர் விழவில்லை. சளக்... சளக்... நிறையப் பேர் நடக்கிற சத்தம். பிறகு கோணேசன், டெனிஷில், லாகரில் கதைக்கிற அதே மாதிரி: "லெஷெக், வட்டத்தைக் காணேல்லை. கன பேர் நிக்கிறம். எந்தப் பக்கம்?"

"நீ என்ன சொன்னனி, தம்பி?" என்று யோகம்மா கேட்டாளாம்.

 யோகம்மா தேத்தண்ணியை நீட்டினாள். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாங்குவதற்குக் கையை வெளியே எடுத்தான்.

நகக்கண் ஒவ்வொன்றிலும் பெயின்ற். வெள்ளையும்... சிவப்பும்.