அவசரக் கதவு ஓரத்து இருக்கை

நான் வரிசையில் முண்டியடிக்கிற ஆள் இல்லை, ஐயா. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்தால், எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு, என் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விமானத்திலும் அப்படித்தான். பெல்ட் போடச் சொன்னார்கள், போட்டேன். போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். அந்தப் பணிப்பெண்ணையே கேட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடத்தைத் தவிர என்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டாள்.

தொந்தரவு கொடுத்தது என் மாப்பிள்ளைதான். விமானம் ஓடத் தொடங்கியும் போனில் பேச்சு. "சார், பெல்ட் போடுங்க" என்று அவள் மூன்று தடவை வந்தாள். அவள் முதுகு திரும்பியதும் கழற்றிவிடுவார். இடுப்பை இறுக்குகிறதாம். கல்யாணத்தன்று இல்லாத மாப்பிள்ளை முறுக்கு விமானத்தில் எங்கிருந்து வந்ததோ. மற்றபடி நல்ல மனிதர். சிரித்த முகம். என் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்.

முப்பத்தொரு வருஷம் பூட்டுக்கடை வைத்திருந்தேன். கதவில் பூட்டைப் பொருத்தியதும் வீட்டுக்காரரை உள்ளே விட்டுப் பூட்டச் சொல்லி, வெளியே நின்று நானே முழுப் பலத்தோடு இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்க்காத கதவை நல்ல கதவு என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாப்பிள்ளை விற்பதோ விரல் வைத்தால் திறக்கிற பூட்டு. கடையை மூடிவிட்டு அவர்களோடு வந்து இருக்கச் சொன்னார். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை, சரி என்றேன். அவர்கள் வீட்டுக் கதவுக்கு அவர் விரலும் மகள் விரலும் மட்டும்தான் தெரியும். போன மாதம் போயிருந்தபோது, "என் விரலையும் பதிஞ்சிடுங்களேன், மாப்பிள்ளை" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு மாமா? பெல் அடிங்க, நாங்க இருக்கோம்ல" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சாவி என் கையில் இருந்தது, ஐயா. பெற்ற மகள் வீட்டு வாசலில் மீதிக் காலமெல்லாம் பால்காரனைப்போல் மணியடித்து நிற்க வேண்டும் என்றால் வலிக்கத்தான் செய்யும். எனக்கு வலித்தது.

கால் நீட்ட இடமிருக்கும் என்று அவசரக் கதவு ஓரத்து இருக்கைகளை அவர்தான் வாங்கினார். கதவோரம் அவர், நடுவில் நான், இந்தப் பக்கம் மகள். பணிப்பெண் வந்து, "அவசரம்னா இந்தக் கதவைத் திறக்க உதவி பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டுமாம். "பண்றேம்மா" என்றேன். அட்டையில் இருந்த படத்தையும் மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். ஒரு மூடி, அதற்குள் ஒரு கைப்பிடி. வேறொன்றும் இல்லை.

"இதுக்குப் பூட்டே இல்லையே, மாப்பிள்ளை?"

"மேல பறக்கறப்போ யானையைக் கட்டி இழுத்தாலும் திறக்காது மாமா. உள்ள இருக்கற காத்தே அழுத்திப் பிடிச்சிருக்கும். தரைக்கிட்ட வர்றப்போதான் அது குறையும்." எதையும் பொறுமையாக விளக்குவார். "இது உங்க காலத்துப் பூட்டு இல்ல" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பதறாத காரியம் சிதறாது. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் ஒரு காப்பி குடித்தேன், அவ்வளவு மோசமில்லை. விமானம் தாழ்ந்து தாழ்ந்து, மொட்டை மாடியில் காயும் துணிகள் தெரிகிற உயரத்துக்கு வந்தது. மாப்பிள்ளை இருக்கையில் ஒரு முட்டியை ஊன்றி எழுந்து, கதவுப் பக்கம் சாய்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ, "உக்காருங்க சார்" என்றார்கள். அவர் யார் சொல்லிக் கேட்டார்? நான் அவர் கைக்கு அடியில் என் கையை நீட்டி, இழுத்துப் பார்த்தேன்.

பெரிய சத்தம். காகிதமும் தலையணையும் யாருடைய தொப்பியோ ஒன்றும் பறந்தன. காற்று அடங்கியபோது விமானம் தரையில் நின்றிருந்தது. கதவோர இருக்கை காலியாக இருந்தது.

கதவு சரியில்லை, ஐயா. என்னை இங்கே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதைவிட, அதைச் செய்தவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

நேற்று மகள் வந்திருந்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள். "கதவைத் தொடறதுக்கு முன்னாடி என் பெல்ட்டை இறுக்கி விட்டீங்களே, ஏம்ப்பா?"

"பெத்த மனசும்மா" என்றேன்.

"அப்போ அவருக்கு?"

"அவர் பெல்ட் போட்டிருந்தா நான் எதுக்கும்மா கதவைத் தொடப் போறேன்?"

நியாயமாகத்தானே சொன்னேன். அதற்கு அவள் ஏன் அப்படிக் கத்திக்கொண்டு எழுந்து போனாள் என்று நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள், ஐயா.