மெக்கானிக் வீட்டு டிவி

ஹலோ... ஹலோ, செழியன் எலக்ட்ரானிக்ஸுங்களா?... கஸ்டமர் பேசுறேங்க. டிவி கம்ப்ளெய்ண்ட் ஒன்னு எழுதணும்...

பேரா? வளர்மதி. வீட்டுக்காரர் பேரு நெடுஞ்செழியன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெரு, நீடாமங்கலம்... சிரிக்காதீங்க. நான் ஒன்னும் வெளையாடல. பொண்டாட்டியா கேட்டு மூணு வருசமாச்சு. கஸ்டமரா கேட்டாலாவது நடக்குதான்னு பாக்குறேன்.

ம்... ம்... தெரியும், வேலையா இருக்கீங்க. நீங்க என்னிக்கு வேலையா இல்ல?... ரெண்டே நிமிசம். கம்ப்ளெய்ண்ட்டக் கேட்டுக்குங்க. செட்டாப் பாக்ஸுல சீரியல் பாத்தா, சத்தம் அறுவது வச்சாலும் அவங்க பேசுறது காதுல விழல. உதட்டப் பாத்துதான் கதையப் புரிஞ்சுக்குறேன். சரி, ஒரு பாட்டு கேக்கலாம்னு, நெட்டுல படம் பாக்க டிவி பின்னாடி சொருகியிருக்கீங்களே, அந்த ஸ்டிக்குக்கு மாத்துனா, அதே அறுவதுல... அய்யோ, வீடே அதிருது! முந்தாநாள் அப்படித்தான். தூங்கிட்டிருந்த புள்ள தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு ஒரு மணி நேரம் அழுக. எதுத்த வீட்டு துரைராசு அண்ணன் வாசல்ல வந்து நின்னு, "என்னம்மா, வீட்டுல ஏதும் பிரச்சனையா"ங்குறாரு.

ஆமா... ஆமா... ரெண்டு ரிமோட்டு இருக்கு, தெரியும். எத எப்ப அமுக்கணும்னு யாரு சொல்லிக் குடுத்தா? கையில குடுத்து "பாத்துக்க"ன்னுட்டுப் போனீங்க. நானும் மூணு வருசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்...

அதுவும் தெரியும். ஒவ்வொரு சேனல்காரன் ஒவ்வொரு அளவுல சத்தம் அனுப்புறான், நம்ம கையில ஒன்னும் இல்ல. நூறு தடவ சொல்லிட்டீங்க. திருத்துறைப்பூண்டி வரைக்கும் வண்டியில போயி கண்டவங்க டிவியெல்லாம் சரி பண்றீங்க. நம்ம ஹாலுக்கு வர்றதுக்கு மட்டும் வழி தெரியல.

ஞாயித்துக்கெழம வேணாம்... நீங்க சொல்ற ஞாயித்துக்கெழமைக்கெல்லாம் காலண்டர்ல தாளே இல்ல. இன்னிக்கு. இப்ப.

ஏன்னா கேக்குறீங்க?... சொல்லட்டா?... நேத்து பாப்பாவுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல. அங்க ட்யூட்டியில யாரு? தமிழ்நிலா சிஸ்டரு.

...

எந்தத் தமிழ்நிலாவா?... ஆமா, அந்தத் தமிழ்நிலாதான். எனக்கு முன்னாடி நீங்க பொண்ணு பாக்கப் போனீங்களே, அவங்க வீட்டுல வேணாம்னு சொல்லி அனுப்புனாங்களே, அந்தத் தமிழ்நிலா.

பழைய கதைதான், யாரு இல்லன்னா?... நான் அவங்கள ஒன்னும் சொல்லல. தங்கமான மனுசி. புள்ளைக்கு வலிக்காம ஊசி போட்டாங்க. போட்டுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்க வீட்டுக்காரரு வந்து எங்க டிவிய அவ்வளவு அழகா சரி பண்ணிக் குடுத்தாரு. செட்டாப் பாக்ஸு, ஸ்டிக்கு, ஹோம் தியேட்டரு, எதுக்கு மாத்துனாலும் இருவதுலயே நிக்குது. எங்கப்பா காதுக்குன்னு பாத்துப் பாத்து வச்சாரு"ன்னாங்க. பாக்ஸுல சத்தத்த முழுசா வச்சிட்டு டிவி ரிமோட்டுல மட்டும்தான் கூட்டிக் கொறைக்கணும்னு சீட்டு எழுதி ரிமோட்டு முதுகுல ஒட்டியிருக்கீங்களாமே! அந்தச் சீட்டுல ஒன்னு கூடுதலா எழுத மை இல்லையா ஒங்களுக்கு?

இருங்க, நான் முடிக்கல. அப்புறம் கேட்டாங்க, "உங்க வீட்டுலயும் இப்படித்தான் வச்சிருப்பாரு, இல்ல?"ன்னு... நான் என்ன சொல்றது?... "ஆமாங்க சிஸ்டர், எங்க வீட்டுலயும் அப்படித்தான்"னேன். வாய் கூசாம சொன்னேன். சொல்லிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு வர்ற வழியெல்லாம் ஒரே அழுக. ஊசி போட்டுக்கிட்ட புள்ள சிரிக்குது, நான் அழுவுறேன்.

பொறாமையா? ஆமா, பொறாமைதான். சொல்றதுக்கு என்ன வெக்கம்?... அவங்க மேல இல்ல. அந்த வீட்டு டிவி மேல. நீங்க கீழ குனிஞ்சு ஒக்காந்து, வயரக் கழட்டி மாட்டி, காதக் குடுத்துக் கேட்டு, ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி கொறச்சு... அந்தப் பொறுமையில பாதி எனக்கு வேணுங்க. பாதி போதும்.

சரி... சரி. அழல... இப்ப எங்க இருக்கீங்க?... ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டீங்களா? போட்டு எவ்வளவு நேரமாச்சு?... கூட்ஸா?... நெல்லு ஏத்துன கூட்ஸு. ம்.

ஏங்க, நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டேதான் பேசுறேன். கேட்டு எனக்குக் கண்ணு முன்னாடி தெரியுது. தொறந்துதான் கெடக்கு. ஒரு ஆட்டோ போவுது, பின்னாடி ரெண்டு ஆடு போவுது. கூட்ஸத்தான் காணும்.

...

இருங்க. பேசாதீங்க. பின்னாடி டிவி ஓடுது... கடை டிவி இல்ல. கடை டிவில படம் மட்டும்தான் ஓடும், சத்தத்த நீங்க வைக்க விடமாட்டீங்க. சும்மா இருங்க, நான் கேக்குறேன்... நியூஸ் ஓடுது... இப்ப மாத்துறாங்க... பாட்டு... திரும்ப நியூஸு...

ஒரே அளவா இருக்கேங்க.

மாத்தி மாத்திப் போடுறாங்க, சத்தம் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. இந்த ஊரு பூரா அப்படிக் கேக்குற டிவி ஒரு வீட்டுலதான் இருக்கு.

...

அதுக்குத்தான் காலைல கோடு போட்ட சட்டையத் தேய்க்கச் சொன்னீங்களா? நானும் காலரு மடிப்புக் கலையாம தேச்சுக் குடுத்தேனே...

வேணாம், ஒன்னும் சொல்லாதீங்க. சிஸ்டருக்கிட்ட போனக் குடுங்க... குடுங்கன்னா குடுங்க. சண்ட போட மாட்டேன். பாப்பா மேல சத்தியம்.

...

ஹலோ! சிஸ்டர், நல்லாருக்கீங்களா? வளர்மதி பேசுறேன்... ஆமா, ஆமா. காய்ச்சல்லாம் இல்ல. ஊசி போட்ட எடம் மட்டும் லேசா வீங்குன மாதிரி... ஈரத்துணி வைக்கவா?... சரிங்க சிஸ்டர், வைக்கிறேன்... அப்பா எப்படி இருக்காரு?... சந்தோசம்.

ஒன்னுமில்ல, டிவி மறுபடியும் மக்கர் பண்ணுதான்னு கேக்கத்தான்... ஓ... நல்லாத்தான் இருக்கா?... மொதத் தடவ பாத்ததுலேருந்தே... ம்... ம்...

நீங்க கூப்பிடலையா?

...

ம்... மொதத் தடவதான் கூப்பிட்டீங்க. அப்புறம் ரெண்டு தடவையும் அவராத்தான்... ம்... செக் பண்ணிட்டுப் போறேன்னு... ம்.

இல்ல இல்ல! அது அவரு வழக்கம் சிஸ்டர். எந்த வீட்டுல வேல பாத்தாலும் நாலு தடவ போயி பாத்துட்டு வந்தாத்தான் மனசு கேக்கும். தொழில் மேல அவ்வளவு இது... நீங்க ஒன்னும் நெனச்சுக்காதீங்க... எங்க வீட்டுலயா? அய்யோ, அதான் நேத்தே சொன்னேனே. ஒரே அளவுதான்... டீயா? குடுங்க, குடிப்பாரு. சக்கரை மட்டும் கொஞ்சம் கம்மியா... சரிங்க சிஸ்டர். அவருக்கிட்ட குடுங்க.

...

நான்தான். வாசலுக்கு வாங்க... வந்துட்டீங்களா?

கேளுங்க. அவங்களுக்கு ஒன்னும் தெரியாது. நீங்க எதுக்கு வர்றீங்கன்னு அவங்க யோசிச்சுக்கூடப் பாக்கல. நல்ல மெக்கானிக்குன்னு நெனச்சு டீ போட்டுத் தர்றாங்க. அந்த மரியாதைய இப்ப நான்தான் காப்பாத்திக் குடுத்திருக்கேன். ஞாபகம் வச்சுக்குங்க.

தப்பா ஒன்னும் நடக்கலையா?... அது எனக்கே தெரியும். அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல, ஒங்களுக்கு அவ்வளவு தைரியமும் இல்ல... அப்ப எதுக்குப் போறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க...

செக் பண்ணவா? அது சிஸ்டருக்குச் சொன்ன கத. நான் சொல்றேன். வேணாம்னு சொன்ன வீட்டுல, "நல்லாப் பண்ணிருக்கீங்க"ன்னு ஒரு வார்த்த கேக்கணும். அதானே?... ஏங்க, சரின்னு சொல்லி வந்தவ ஒருத்தி இருக்கேன்ல? நான் சொன்னா ஒங்க காதுல விழாதா?

...

கெளம்பி வர்றீங்களா? எதுக்கு?... டிவி பாக்கவா? வேணாம்... கோவம்லாம் ஒன்னும் இல்ல. டிவிக்கு ஆள் சொல்லியாச்சு.

வேற யாரு? மன்னார்குடி ரோட்டுல புதுசா டிவி ரிப்பேர் கடை போட்டிருக்காரே, முகம்மது யூசுப். அவருக்கிட்டதான்... காலைல ஒம்போது மணிக்கே சொல்லிட்டேன். இன்னிக்கு வர்றேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, அவர வேணாம்னு சொல்லிடலாம்னுதான் இந்தப் போனே பண்ணேன். நீங்க கூட்ஸு போவுதுன்னு சொன்னீங்க.

ஆமா, தெரு பாக்கும். பாக்கட்டும்... ஆமா, துரைராசு அண்ணனும் பாப்பாரு... கடைக்கு அசிங்கமா? இருக்கட்டுமே. நேத்து ஆஸ்பத்திரியில எனக்கு இருந்துச்சுல்ல, அதுல ஒரு பங்கு ஒங்களுக்கும் இருக்கட்டும்...

கெஞ்சாதீங்க. வேகமா வண்டி ஓட்டிக்கிட்டும் வராதீங்க. டீயக் குடிச்சிட்டு மெதுவா வாங்க.

இருங்க, இன்னொரு கால் வருது... அவருதான். தெருமுனைக்கு வந்துட்டாரு போல, வீடு எதுன்னு கேக்கக் கூப்பிடுறாரு... நான் என்ன சொல்லுவேன்? உள்ளதத்தான் சொல்லுவேன். "மெக்கானிக் செழியன் வீடு எதுன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் காட்டுவாங்க"ன்னு.

வச்சிடுறேன்.