எஞ்சின் கிளம்பும்போது அணையாத திரை

"ஹலோ... ஆர்டன், கேக்குதா?... ஆமா, ஆமா, படகுலதான் இருக்கேன். நீ இன்னும் கடையிலயா?... போய் மூணு மணி நேரம் ஆச்சேடா."

வெல்டா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சுக்கான் அறைக்குள் மூன்றடி முன்னும் மூன்றடி பின்னுமாக நடந்தாள். நோவா ஸ்கோஷியாவின் தென்முனையில் சிங்கி இறால் பருவம் காற்றால் ஒரு நாள் தள்ளிப்போய், நாளை விடியலில் திறக்கிறது. பின்தளத்தில் முந்நூற்றுச் சொச்சம் கூண்டுகள் ஏறியாகிவிட்டன. வரவேண்டியது தம்பி ஆர்டனும், அவன் வாங்கப் போயிருக்கும், திரைகளுக்குச் சீரான மின்சாரம் தரும் ஒரு சின்னப் பெட்டியும்தான்.

"எத்தனை வச்சிருக்கான்?... மூணா. ஒண்ணொண்ணா படி... அது வேண்டாம். அது இருபத்துநாலு வோல்ட்டைப் பன்னெண்டா குறைக்கிறது. நம்ம பேட்டரியே பன்னெண்டுதானே... சரி, சரி. அடுத்தது?... உள்ள எவ்வளவு வந்தா வேலை செய்யுமாம்?... பத்தரைக்கு மேலயா. இரு. வச்சிடாத."

மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் மாட்டிவிட்டுச் சாவியைத் திருகினாள். குளிரில் எஞ்சின் முனகி முனகிக் கிளம்பியது. அந்த இரண்டு நொடிக்குள் வரைபடத் திரையும் ஆழம் காட்டும் திரையும் ஒன்றாக இருண்டன.

"பாத்தியா, எட்டு புள்ளி ஒம்பதுக்கு இறங்குது. திரை போயிடுச்சு. அந்தப் பெட்டியும் இதோட சேந்து படுத்துக்கும்... மூணாவது?... எட்டுலேர்ந்து பதினாறு வரைக்குமா? வெளிய?... உள்ள என்ன ஆட்டம் ஆடினாலும் வெளிய பதிமூணு. அதான் வேணும்... எத்தனை ஆம்பியர்?... பத்து பத்தாது. ரேடியோல பேசினா அதுவே ஆறு இழுக்கும். இருபது இருக்கான்னு கேளு... கிளைட், அந்தக் கயிறை அப்படியே விடு, நான் அப்புறம் பாத்துக்கிறேன்... உன்னை இல்லடா, பக்கத்துப் படகுல கிளைட்... இருக்கா? நல்லது. ரேடியோல இரைச்சல் கிளப்புமான்னும் கேட்டுடு."

கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு படகாக டீசல் போட்டுக்கொண்டு நகர்ந்தது. அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

"கிளப்பாதுன்றானா. அப்போ வாங்கு... தனி பேட்டரியா? அதுக்குக் கம்பி இழுக்கவே ஒரு நாள் போயிடும்... ஆமா, பியூஸ் வீட்ல இருக்கு... கம்பி என்ன கலரா? அதை எதுக்கு இப்ப கேக்குற?"

அவள் நின்றாள்.

"ஆர்டன். நாளைக்கு வர்றியா, இல்லையா?... ம்... பயமா இருக்கா... அதைச் சொல்றதுக்கா மூணு மணி நேரம் கடையில நிக்கிற?"

போன ஜனவரியில் கூண்டுக் கயிறு காலில் சுற்றி அவனைக் கடலுக்குள் இழுத்தது. காலை உருவிக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டான். வரைபடத் திரையில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பட்டனை வெல்டா அமுக்கினாள். படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் அவன் மாட்டிவிடக் கூடாது என்று எஞ்சினை நிறுத்தினாள். திரும்பக் கிளப்பியபோது திரை இருண்டு, குறியும் போய்விட்டது. திரை மீண்டும் உயிர் பெற இரண்டு நிமிடம் ஆனது. அதற்கு அப்புறம்தான் அவனைத் தேடித் தூக்கினாள்.

"அதுக்குத்தானே இந்தப் பெட்டி... கேளு. குறுக்க பேசாம கேளு. உன்கிட்ட ஒண்ணு சொல்லல. அந்த ரெண்டு நிமிஷமும் நான் திரையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வரும், இப்ப வந்துடும்னு பட்டனைத் தட்டிக்கிட்டே நின்னேன். தண்ணியைத் திரும்பிப் பாக்கல. திரும்பியிருந்தா நீ பக்கத்துலயே... என்ன?"

வெல்டாவின் ஒரு கை சுக்கானைப் பிடித்துக்கொண்டது.

"தெரியுமா?... அலை தூக்கினப்பல்லாம் பாத்தியா?... என் முதுகை." அவள் குரல் இறங்கிவிட்டது. "பத்து மாசமா ஒரே சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலையே நீ... நானும்தான். சரி, நானும்தான் சொல்லல."

கூண்டுகளுக்கு மேலே ஒரு கடற்பறவை வந்து உட்கார்ந்து, இரைக்காகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"இப்படிச் செய்யலாம். நாளைக்கு நீ சுக்கானைப் பிடி. கயித்துக்கிட்ட நான் நிக்கிறேன்... விளையாட்டுக்குச் சொல்லல... ஆமா, பதினேழு வருஷமா நான்தான் பிடிச்சேன், போதும்... நான் விழுந்தாலா? பட்டனை அமுக்கு. அமுக்கிட்டுத் திரும்பி என்னைப் பாரு. எஞ்சினை நிறுத்து, கிளப்பு, என்ன வேணா பண்ணு. குறி அங்கயே இருக்கும், அதைக் காவல் காக்க வேண்டாம்... இல்ல, மாட்டினதும் இருபது தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம். ஒரு தடவை திரை கண் சிமிட்டினாலும் நானே போகமாட்டேன்... ஆமா. ஆமா... கடையை மூடுறானா? போ, போ, இருபது ஆம்பியர், மறந்துடாத... ஆர்டன், இன்னும் ஒண்ணு. நான் அன்னைக்கு..."

அவன் வைத்துவிட்டான். அவள் போனைப் பைக்குள் போட்டாள். பிறகு சுக்கானுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய தன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டுபோய், வெளியே கயிறு இழுக்கும் மோட்டார் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.