நான்காவது பிள்ளைக்கு வைத்த பொட்டு

மத்தியானம் இரண்டேகால் மணி. தேஹு ரோடு ராணுவ டிப்போவின் நீள மதிலை ஒட்டிப் போகிற சாலை... ஆள் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, படுத்துக் கிடக்க ஒரு நாய்கூட இல்லை. பேய் வர இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். இங்கே விளக்கை அணைத்தது ஈசலுக்காக, என் கதைக்காக இல்லை.

அந்தச் சாலையில் நடந்து வந்தவள் கிரிஜா. இதோ, இங்கே உட்கார்ந்து கதை கேட்கிற நம் பிரணவின் சித்தி. கணவர் வாசுதேவனுக்கு டிப்போவில் வேலை. ஒரே பெண் ப்ரீதி, ஒன்பது வயது. ஏழு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் கிரிஜாவுக்குச் சோறு இறங்காது.

சாலை திரும்புகிற இடத்தில் முகமது இஸ்மாயிலின் பழைய சாமான் கடை. வாசலில் ஒரு சின்ன மர அலமாரி, இரண்டு கதவுகளோடு. பூஜைக்கு ஆகுமே என்று கிரிஜா திறந்தாள். உள்ளே தட்டு இல்லை... படம்.

நடுவில் மாதா, மடியில் குழந்தை. பின்னாலேயே இடையர்கள், மூன்று ராஜாக்கள், தூரத்து மலையில் சிலுவை. பிறந்ததும் இறந்ததும் ஒரே படத்தில். இடது கதவில் கறுப்பு அங்கி போட்ட ஒரு மனிதர் முட்டி போட்டுக் கும்பிடுகிறார். வலது கதவில் வெள்ளை முக்காடு போட்ட அவர் மனைவி. அவள் பின்னால் நான்கு பெண் பிள்ளைகள், வரிசையாக முட்டி போட்டு.

"லே ஜாவோ பாபி, லே ஜாவோ," என்றார் இஸ்மாயில். கொண்டுபோனால் சரி என்கிற அவசரம் அவருக்கு. படத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஹாலில், ப்ரீதியின் அறைக்கு நேர் எதிரே மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை. கிரிஜா தலைக்குக் குளித்து, படத்தைத் துடைத்து, குங்குமச் சிமிழை எடுத்தாள். சாமி படம் வீட்டுக்கு வந்தால் நம் வீடுகளில் முதல் வேலை அதுதானே. மாதாவுக்கு வைத்தாள். குழந்தைக்கு வைத்தாள். அப்புறம் அந்தப் பிள்ளைகளிடம் வந்தாள்.

மூன்று பிள்ளைகளின் தலைக்கு மேல் ஏற்கெனவே சிவப்பாக ஏதோ இருந்தது, கடுகளவு. பொட்டை நெற்றியில் வைக்கத் தெரியாத யாரோ வைத்தது என்று நினைத்தாள். கடைசிக் குட்டிக்கு மட்டும் இல்லை.

"அடப் பாவமே, உன்னை மட்டும் விட்டுட்டாங்களாடி," என்று அதன் தலைக்கு மேலும் ஒன்று வைத்தாள். புண்ணியவதி.

சர்ர்ர்... முட்டி கல்லில் உரசுகிற சத்தம். இவள் வீட்டில் கல் தரையே கிடையாது, டைல்ஸ். அணைந்த மெழுகுவத்தியின் புகை. நனைந்த கம்பளி வாடை. கிரிஜா நிமிர்ந்தாள். மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்த முக்காட்டுக்காரி இப்போது இவளைப் பார்த்தாள். கை கும்பிட்டபடிதான் இருந்தது. கண்ணில் மட்டும் அப்படி ஒரு வெறுப்பு.

மறுநாள் ப்ரீதிக்கு ஜுரம். நூற்று மூன்று. டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள்... எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஜுரம் மட்டும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்த கிரிஜா ஹாலில் நின்றுவிட்டாள். லோனாவ்லாவில் எடுத்த குடும்பப் போட்டோ, மூன்று பேர். ப்ரீதியின் தலைக்கு மேல் ஒரு சிவப்புச் சிலுவை... கடுகளவு. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. அது கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும், நான் சொல்லியா தெரிய வேண்டும்? மாடி வீட்டு அமல்ராஜைக் கூப்பிட்டாள். சர்ச் படங்களுக்கு வர்ணம் புதுப்பிக்கிறவர். பார்த்தார். வலது கதவின் பக்கம் குனிந்தார்.

"அக்கா, பெல்ஜியம் பக்கம் அந்தக் காலத்துல இப்படித்தான் வரைவாங்க. படம் வரையச் சொன்ன குடும்பமும் ஓரமா முட்டி போட்டிருக்கும். அதுல செத்துப்போன பிள்ளைங்களுக்கு மட்டும் தலைக்கு மேல சின்னதா ஒரு சிவப்புச் சிலுவை போடுவாங்க."

"நாலு பேருமா செத்துட்டாங்க?"

"மூணுதான் பழைய வர்ணம். நாலாவது... குங்குமமா இருக்கே. அக்கா, இந்தப் பொண்ணு உசிரோட இருந்தவ. அந்த அம்மாவுக்கு மிச்சம் இருந்ததே இவ ஒருத்திதான்."

அவர் போனதும் கிரிஜா ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாள். சுலபமாக வந்துவிட்டது. ஆனால் அந்தக் குட்டி... கண் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை திறந்திருந்த கண்.

"தெரியாம வச்சுட்டேன்மா. நானும் ஒத்தைப் பிள்ளைக்காரி. விட்டுடு," என்று அழுதாள். காலில் விழுந்தாள். மறுபடி அந்தச் சர்ர்ர்... இன்னும் கிட்டத்தில். அறைக்குள் ப்ரீதிக்கு மூச்சு இழுத்தது.

கும்பிட்டுப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் கிரிஜாவுக்கு அழுகை நின்றுபோயிற்று. ஆத்திரம் வந்தது.

"சரி. உனக்கு ஒரு உசுரு வேணும். அவ்வளவுதானே," என்றாள்.

போட்டோவைக் கழற்றினாள். பின்பலகையை நெம்பி எடுத்தாள். போட்டோவில் தன் தலைக்கு மேல், குங்குமத்தைத் தொட்டுத் தன் கையாலேயே, ஒரு சிவப்புச் சிலுவை போட்டாள்.

சாயங்காலம் நாலரைக்கு ஜுரம் விட்டது. சட்டை நனைய வியர்த்து, ப்ரீதி எழுந்து உட்கார்ந்தாள். மருந்து வாங்கப் போயிருந்த வாசுதேவன் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"பசிக்குதுப்பா. அம்மா எங்க?"

"இங்கதாண்டி இருக்கேன்," என்றாள் கிரிஜா. இரண்டு பேரும் திரும்பவில்லை. வாசுதேவன் போன் போட்டார். சமையல்கட்டில் அவள் போன் அடித்தது. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டப் பார்த்தாள்... உள்ளங்கைகள் பிரியவில்லை. எப்போது முட்டி போட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டில் எங்கோ தூரத்தில், ஒரு மரச்சட்டத்துக்கு அப்பால் தெரிந்தது.

வாசுதேவன் மகளுக்குத் தட்டில் பிரெட் வைத்துக் கொடுத்தார். பிள்ளை சாப்பிடத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது கிரிஜாவுக்கு. அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

"அந்தப் படத்தையே பாக்காதே கண்ணு, முதல்ல சாப்பிடு," என்றபடி வாசுதேவன் எழுந்து வந்தார். படத்தின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார்.