மோவானி நின்ற இடம்

— அசையாதே. மணி நின்னுபோச்சு.

— நான் எங்கக்கா அசைஞ்சேன்? மூச்சுகூட விடல.

— நீ மூச்சு விட்டாலே வைமியா கடைத்தெரு வரைக்கும் கேக்கும், மெர்லி. அங்க பாரு, அந்த மாமனே மரத்துக்குக் கீழ. வெள்ளையாத் தெரியுதா?

— தெரியுது, தெரியுது. ஒரு முன்னங்காலத் தூக்கிக்கிட்டு நிக்கறா. வாலு கம்பி மாதிரி விறைச்சிருக்கு. ஏங்க்கா, மணி கட்டின நாயி ஆடாம நின்னா பறவை கிடைச்சாச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதானே?

— அவ்வளவேதான். மூக்குக்கு நேரா புல்லுக்குள்ள பதுங்கியிருக்கு. நீ எனக்குப் பின்னாடியே வா. முன்னாடி மட்டும் வந்துடாத. அப்புறம் உன் புருஷன் லொபாகாவுக்கு மூணாவது பொண்டாட்டி தேட வேண்டியதாயிடும்.

— ஐயோ சாமி! காலங்காத்தால என்ன பேச்சு இது?

— அதோ, எழும்புது!

— அம்மாடி! வெடிச் சத்தத்துல காதே போச்சு!

— உன் காது எங்கயும் போகல. பறவைதான் விழுந்துச்சு. மோவானி, எடுத்துட்டு வா! எடுத்துட்டு வா, ராசாத்தி!

— கவ்விக்கிட்டு வர்ற நடையப் பாருங்களேன். கல்யாணப் பொண்ணு தட்டு ஏந்திக்கிட்டு வர்ற மாதிரி. என்ன பறவைக்கா?

— கௌதாரி. சேவலு. கால்ல முள்ளு இருக்கு பாத்தியா? குடு கண்ணு, குடு. இவ பல்லு பட்டு ஒரு இறகுகூடக் கசங்கினதில்ல, தெரியுமா?

— வீட்டுல என் செருப்ப மட்டும் நார் நாராக் கிழிச்சு வெச்சிருக்கா.

— உன் செருப்புக்கு இறகு இல்லையே.

— சிரிக்காதீங்க. புதுச் செருப்பு. அக்கா, இந்தப் பாறையில கொஞ்சம் உக்காரலாமா? சோத்து உருண்டை கொண்டாந்திருக்கேன், டின் கறி வெச்சது. சக்கரை புரட்டின மலசாடாவும் இருக்கு. கடையில கிளம்பறப்ப பொரிச்சு எடுத்தது, இன்னும் சூடு ஆறல.

— குடு. சக்களத்தி கையால சாப்பிடறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்.

— நான் உங்களுக்கு சக்களத்தியா? நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு ரொம்ப நாள் கழிச்சுத்தானே அவரு எங்க பேக்கரிக்கு ரொட்டி வாங்கவே வந்தாரு!

— தெரியும்டி. ரொட்டி வாங்க வந்தவன் ரொட்டிக்காரியையும் சேத்து வாங்கிட்டுப் போனான். உன்மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. அவனோட நான் பட்ட பாட்ட இனி நீ படு.

— நான் ஒண்ணும் பாடு படல. குறட்டைதான் கொஞ்சம்.

— கொஞ்சமா! நான் தண்ணி லாரி ஓட்டறவ. அந்த என்ஜினு சத்தத்துல தூங்கிடுவேன், அவன் குறட்டையில தூங்க முடியாது.

— அக்கா... இன்னியோட சீசன் முடியுதுல்ல?

— முடியுது. இனி நவம்பருக்குத்தான்.

— இந்த வருஷம் அவரு முழங்கால்ல ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டதுல எனக்குத்தான் லாபம். நாயாவது மலைக்குப் போகட்டும்னு உங்ககிட்ட அனுப்பினாரு. நான் சும்மா ஒட்டிக்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை வந்தா இங்க வந்தே பழகிப்போச்சு.

— பழகினத விட்டுடு. போன வாரம் தபாலாபீஸ் வாசல்ல அவனப் பாத்தேன். கோலு இல்லாம விறுவிறுன்னு நடந்து போறான். அடுத்த சீசனுக்கு அவனே இவளக் கூட்டிட்டு வருவான். அதுதானே நியாயம். நாயி அவனோடது.

— குட்டியில இருந்து வளத்துப் பழக்கினது நீங்கதானே?

— ஆமா. கௌதாரி றெக்கை ஒண்ண தூண்டில் கயித்துல கட்டி, வாசல்ல ஆட்டி ஆட்டி நிக்கக் கத்துக்குடுத்தேன். உள்ளங்கை அகலம் இருப்பா. றெக்கையப் பாத்துட்டு நிப்பா பாரு, நாலு காலும் நடுங்கும், ஆனா ஒரு அடி முன்னாடி வெக்க மாட்டா.

— அப்புறம் எப்பிடிக்கா குடுத்தீங்க?

— பிரியறப்ப வீடு எனக்கு, நாயி அவனுக்குன்னு ஆச்சு. வீட்ட நீயே வெச்சுக்கோ, இவள எனக்குக் குடுன்னு கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டான்.

— தாங்கிக்கிட்டீங்களா?

— வேற நாயி வாங்கல. அவ்வளவுதான். பேச்ச விடு, எழுந்திரு. மேல பாரு, மேகம் இறங்குது. வண்டிகிட்டப் போயிடலாம்.

— இப்பத்தானே வெயிலு பளிச்சுன்னு இருந்துச்சு?

— மௌனா கெயா மலைக்கு உன்கிட்ட அனுமதி கேக்கணுமா? மோவானி எங்க?

— அந்த மேட்டுப்பக்கம் ஓடினா. மணி கேக்குதே.

— கேக்குது... தூரமாப் போறா... மெர்லி, கொஞ்சம் அமைதியா இரு.

— நான் பேசவே இல்லையே.

— நின்னுபோச்சு.

— எந்தப் பக்கம்க்கா? எனக்கு உங்க முகமே சரியாத் தெரியல. ஒரே வெள்ளை.

— மேட்டுக்கு அந்தாண்டன்னு நினைக்கிறேன். மேகத்துக்குள்ள சத்தம் வர்ற திசை மாறி மாறித் தெரியும். லொபாகா ஒரு கழுத்துப்பட்டை வாங்கினானே, நாயி எங்க இருக்குன்னு போன்லயே காட்டும்னு? அத மாட்டினியா?

— சார்ஜ் போட்டேன்க்கா.

— நல்லது. போன எடு.

— அடுப்பு மேடையில சார்ஜ் போட்டேன். அங்கயே இருக்கு.

— கெட்டிக்காரி.

— திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஐயோ, விசிலடிங்கக்கா! கூப்பிடுங்க! நீங்க கூப்பிட்டா வந்துடுவாளே!

— கூப்பிட மாட்டேன்.

— என்ன வீம்பு இது?

— வீம்பு இல்லடி. அவ பறவையப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கா. நான் வருவேன்னுதான் நிக்கறா. அப்பிடி நிக்கறப்ப ஒரு தரம்கூட நான் அவளத் திருப்பிக் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டாலும் வர மாட்டா. நாம போயித்தான் ஆகணும்.

— நிக்கலைன்னா? வேற ஏதாவது ஆகி மணி நின்னிருந்தா?

— அத ஏன் கேக்கற?

— உங்க குரல் சரியில்ல, அதான் கேக்கறேன்.

— எரிமலைப் பாறை. அங்கங்க வெடிப்பு இருக்கு, பொந்து இருக்கு. மேல புல்லு மூடிக் கிடக்கும், ஆழம் தெரியாது. போன வருஷம் பன்னி வேட்டைக்குப் போன ஒருத்தரோட நாயி...

— வேணாம். சொல்லாதீங்க.

— சொல்லல. வயசாகுது அவளுக்கு. இந்த ஈரத்துல ரொம்ப நேரம் நின்னா இடுப்பு பிடிச்சுக்கும். வா. நான் மேட்டுக்கு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். காலால தட்டிப் பாத்துட்டு எட்டு வை. பேசிக்கிட்டே நட. உன் சத்தத்த வெச்சுத்தான் நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்.

— என்னத்தப் பேசறது? பயத்துல ஒண்ணுமே வர மாட்டேங்குது.

— உனக்கா பேச்சு வரல? ஊரக் கூட்டி மலசாடா குடுத்துக் கொண்டாடணும்டி இத. பேசு.

— சரி, பேசறேன். கேக்குதா? அக்கா, மொத வாரம் உங்க வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தறப்ப நான் ஸ்டியரிங்க விடாமப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். இந்த ஹவுனானி அம்மா என்னப் பாத்து என்ன சொல்லுமோன்னு. நீங்க என்னப் பாக்கவே இல்ல. இவளத்தான் பாத்தீங்க. இவ ஜன்னல் வழியாவே எகிறிக் குதிச்சா. கேக்குதா?

— கேக்குது. நட.

— அன்னிக்கு வீட்டுக்குப் போயி அவருகிட்ட சொன்னேன், நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுப் பிரிஞ்சதுல பாவம் அந்த நாயிதான்னு. அவரு டிவி சத்தத்தக் கூட்டிக்கிட்டாரு. எனக்கு இந்தத் தீவுல சொந்தம்னு யாரு இருக்கா? அம்மா செத்ததுக்கு அப்புறம் என்னத் திட்டறதுக்குக்கூட ஆளில்ல. கடையில நாள் பூரா எண்ணெய்ச் சட்டி. இங்க வந்து உங்ககிட்டத் திட்டு வாங்கறதுக்குன்னே ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருப்பேன். சிரிக்கிறீங்களா? கேக்கலையே. சரி, சிரிங்க. போன வாரம் நீங்க சொன்னீங்களே, கடையில மாவு பிசையற மாதிரிக் கையவீசி நடக்காதேன்னு, அத நினைச்சு நினைச்சு நான்...

— ம். நீ என்ன பண்ணின? சொல்லு.

— ...

— மெர்லி?

— ...

— ஏய், ஏன் நிறுத்தின? மெர்லி! மெர்லிண்டா! விழுந்துட்டியா? பதில் சொல்லுடி! எங்க இருக்க?

— ஷ்ஷ்...

— எங்க?

— இங்கக்கா. கத்தாதீங்க. மெதுவா வாங்க. உங்க வலது கைப்பக்கம்.

— உயிரே போயிடுச்சுடி எனக்கு. ஏன் பேச்ச நிறுத்தின?

— அவ நிக்கறா. என் முழங்காலுக்குப் பக்கத்துலயே நிக்கறா. நான் வாயத் திறந்தா பறவை பறந்துடுமோன்னு நானும் அப்பிடியே நின்னுட்டேன்.

— அடி, என் தங்கமே...

— என்னையா அவளையா?

— ரெண்டு பேரையும்தான். பாரு இவள. முதுகு பூரா பனித்துளி. மீசை மயிருலகூட முத்து முத்தாக் கோத்திருக்கு. தூக்கின கால இன்னும் கீழ வெக்கல.

— நடுங்குறாக்கா. குளிருல.

— குளிரு இல்ல அது. இருக்குன்னு சொல்றா.

— துப்பாக்கிய எடுங்க. சீக்கிரம்.

— சுட முடியாது. பத்தடிக்கு அந்தாண்ட என்ன இருக்கு, யாரு இருக்கான்னு தெரியாம நான் துப்பாக்கிக் குதிரையில விரல வெக்கறதில்ல. தோட்டாவ எப்பவோ எடுத்துட்டேன்.

— அப்ப இவ்வளவு நேரம் இவ நின்னது?

— வீணாப் போகல. நீ முன்னாடி போயி அந்தப் புல்லக் காலால தட்டு. பறவைய நீ எழுப்பு.

— நானா? எனக்கு எப்பிடி...

— இந்த சீசன் பூரா என் பின்னாடியே நடந்த. ஒரு தரமாவது முன்னாடி போ. போடி.

— இங்கயா? இங்... ஐயோ! அம்மா! அக்கா, எத்தன! எத்தன! முகத்துக்கு நேரா வருது!

— காடை! ஒரு கூட்டமே! கண்ணுக்கு ஒண்ணுகூட ஒழுங்காத் தெரியல, சத்தத்தக் கேளு! றெக்கை சத்தத்தக் கேளு!

— என் நெஞ்சு அடிக்கிற அடியில அதெல்லாம் கேக்கல. ஹையோ... இன்னொரு தரம் தட்டட்டுமா?

— எல்லாம் போயாச்சு. போதும் மோவானி. வா. வந்துடு. நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு.

— உங்களையே பாக்கறாளே. ஏன் சுடலன்னு கேக்கற மாதிரி.

— கேக்கட்டும். அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீ உன் சால்வையக் குடு, துடைச்சு விடலாம்.

*

— ஹீட்டரக் கூட்டி வை, மெர்லி. இவ காதெல்லாம் இன்னும் சில்லுனு இருக்கு.

— என் மடியில படுக்காம உங்க மடியிலயே படுத்திருக்காளே. வண்டி என்னோடது, சால்வை என்னோடது.

— உனக்குப் பொறாமை.

— கொஞ்சம். அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நேத்துதான் அவரு என்கிட்ட சொன்னாரு. கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம பின்னாடியே ஜீப்ல வந்தாராம். தண்ணித் தொட்டி இருக்கிற மேட்டுல உக்காந்து பைனாகுலர்ல பாத்தாராம்.

— உளவா? நான் அவன் நாய எப்பிடி வெச்சிருக்கேன்னு பாக்கவா?

— நானும் அப்பிடித்தான் கேட்டேன். இல்ல, ஏக்கத்துல வந்தேன்னாரு. கால் சும்மா இருக்கலையாம்.

— வந்தவன் கிட்ட வந்திருக்கலாமே. என்ன சொன்னான்?

— 'என்கூட வந்தா அவ வேலை செய்வா. ஹவுனானிகூட விளையாடறா'ன்னாரு. அதுக்கப்புறம் டிவி போடல.

— அது அவனுக்கு இப்பத்தான் கண்ணுல பட்டுதாக்கும். சரி, வீடு வந்துடுச்சு. ஓரமா நிறுத்து. கௌதாரிய நீயே கொண்டு போ. இஞ்சியத் தட்டி, சோயா சாஸ் விட்டு, மூடி வேக வை. அவனுக்குப் பிடிக்கும்.

— சரிக்கா.

— மோவானி, நான் இறங்கணும், நகரு. நகரு கண்ணு. இப்பிடிப் பாக்காத. நவம்பர்ல அவனோட நல்லா வேட்டையாடணும், என்ன? இவ செருப்பக் கடிக்காத. மெர்லி, கதவப் பிடிச்சுக்கோ. இல்லேன்னா என் பின்னாடியே குதிச்சுடுவா.

— குதிக்கட்டும், விடுங்க. அங்க பாருங்க, நாம கிளம்பின கையோட அவரு, என்கிட்ட சொன்ன மாதிரியே, இங்க வந்து இவ படுக்கையையும் தீனி மூட்டையையும் உங்க வராந்தாவுல இறக்கி வெச்சுட்டுப் போயிட்டாருக்கா.