ஒரு சொட்டு கசியாத பாத்ரூம்

சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில், கரியைக் கிளற வண்டியை நிறுத்தினார்கள். இரைச்சல் அடங்கியதும் முன் சீட்டு மிராசுதாரின் குரல் கேட்டது.

"எங்க வூட்டு பாத்ரூம்லேருந்து தண்ணிய எறைச்சு ஊத்த ஒரு ஆளு போட்டிருக்கேங்க."

பக்கத்தில் இருந்த குன்னத்து விவசாயி திரும்பினார். "ஏங்க, தண்ணி தானா போவாதா?"

"மாப்பிள்ளை மெட்ராஸ்காரரு. கிணத்தடியில குளிக்க மாட்டாராம். தலை தீபாவளிக்குள்ள கட்டணும்னேன். திருச்சி மேஸ்திரி முந்நூறு கேட்டான். அதுல தண்ணி வெளிய போறதுக்கு மட்டும் நாப்பது ரூபா. போற தண்ணிக்கு எதுக்குங்க காசு?"

"அதானே!"

"நம்மூரு மேஸ்திரி நூத்தம்பதுல முடிச்சுட்டான். சுத்துப்பட்டு மாட்டுத் தொட்டியெல்லாம் அவன் கட்டினதுதான்."

"அப்புறம்?"

"தீபாவளியன்னிக்கு மாப்பிள்ளை எண்ணெ தேச்சுக் குளிச்சாரு. கணுக்காலுக்கு மேல எண்ணெத் தண்ணி நிக்குது. மேஸ்திரிய வரவழைச்சுக் கத்தினேன். அவன் உள்ள எட்டிப் பாத்துட்டு, 'எசமான், ஒரு சொட்டு கசிஞ்சிருக்கா, நீங்களே சொல்லுங்க'ன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறான்!"

பஸ் கிளம்பியது. விவசாயி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார்.

"அந்த மேஸ்திரியக் கொஞ்சம் குன்னத்துக்கு அனுப்பி வைங்க. எனக்கு ஒரு மாட்டுத் தொட்டி கட்டணும்."