அட்டிகைக் கற்கள்

சூலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா, மடியில் நகைக்கடையில் கட்டித் தந்த ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சிவப்புக் கற்கள். அவற்றின் ஓரங்களில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, கடையில கழுவித் தரலீங்களா? ஒரே அழுக்கா இருக்குதே.”

“வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன். எம்மக அட்டிகைங்க. பேத்திக்குக் காது குத்தோணும், தோடு எடுக்கலாம்னு போட்டுட்டேன். தங்கத்தை உருக்கிட்டு, கல்லைத் திருப்பிக் குடுத்தாங்க.”

“உங்க மக ஒண்ணும் சொல்லலீங்களா?”

“அவ பிரசவத்துலயே போயிட்டாளுங்க.”

பல்லடம் ரோடு பிரிகிற இடம் வந்தது. அந்த அம்மா பொட்டலத்தை மடித்தபடி சொன்னார்.

“இது அழுக்கில்ல அம்மணி. வளைகாப்பன்னைக்கு அவ கழுத்துல நான் பூசுன சந்தனம்.”